சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

1985 ஜூலை 7, ஞாயிறு

துணி காயவில்லை. மூன்று நாளாக அதே பாவாடை கொடியில் தொங்குகிறது. அம்மா பொறுமை போய் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டிவிட்டாள். இனி ஒரு வாரத்துக்கு நான் கருவாடு மாதிரி மணப்பேன்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னையா கிராணி வந்து போனார். வருஷக் கடைசியில் அவருக்கு ரிட்டையர். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருகிறதாம். அவர் இடத்துக்கு வருகிறவர் ஆள் பெயர்களையும் அவரவர் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவையையும் அதில் ஏற்றிக் கணக்கு எடுக்க வேண்டுமாம். அக்டோபர் கடைசியில் மேனேஜர் துரை சோதனை வைப்பார்.

"வெளியிலேருந்து ஆளக் கொண்டாறதுக்குள்ள நீ கத்துக்கோ பவளம். டைப்பிங் தெரியும், இங்கிலீஷ் தெரியும். அப்புறம் என்னா?"

அப்புறம் என்னவா? கம்ப்யூட்டரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஏன் வந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டிசம்பரோடு அம்மாவுக்கு வேலை வயசு முடிகிறது. தோட்டத்தில் வேலைக்குப் போகிற ஆள் இல்லாத வீட்டைத் தோட்டம் திருப்பி எடுத்துக்கொள்ளும். அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்கோ மூன்று வயசில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கூடையோடு சரிவில் ஏற இந்தக் கால் ஒத்துக்கொள்ளாது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பதெல்லாம் தோட்ட வேலையில் சேராது.

ஆக, ஆபீஸ் வேலை கிடைத்தால் இந்த வீடு. கிடைக்காவிட்டால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

ஜூலை 21

அம்மா கைக்குக் கூட்டுக் காசு வந்தது. தோடு வாங்குவதற்கென்று மாதாமாதம் சீட்டு மாதிரிப் போட்ட கூட்டு. கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அந்தப் பொட்டிய வாங்கிப் பழகிக்கோ. இந்த வயசுல காதுல போட்டு யாருக்குக் காட்டப் போறேன்?"

காசை இரண்டு தடவை எண்ணினேன். வாயெடுத்தால் அழுதுவிடுவேன், அது எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 4

ஈப்போ போய் வந்தோம். இருளப்பன் மாமா கூட வந்தார். மாமா எதிர் லயத்தில் இருக்கிறார், ஃபேக்டரியில் ஃபிட்டர், லீவு நாளில் ஊரார் ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். தாப்பா மலைப்பாதை வளைவுகளில் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தண்ணீர் புட்டியை நீட்டினார்.

பழைய சாமான் விற்கும் சீனர் கடை. இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டேன். கடைக்காரத் தவுக்கே தூசியைத் துடைத்து ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு ரொட்டித் தட்டு அளவுதான். இதுவா கம்ப்யூட்டர்? "இதற்கு மெமரி ரொம்பக் கம்மி, பத்தாவிட்டால் பின்னால் சொருகுகிற டப்பா இருக்கிறது, சொல்லி அனுப்பு" என்று மலாயில் சொன்னார். வாங்கிவிட்டேன். பஸ் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை.

ஆகஸ்ட் 5

இதற்கென்று தனியாகத் திரை கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. ஈப்போ வரைக்கும் போன இரண்டு புத்திசாலிகளுக்கும் இது தோன்றவில்லை.

ஆகஸ்ட் 9

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அத்தையிடம் டிவி உண்டு. பின்னல் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்து, சாமிக்கு அடுத்தபடியாகக் கவனிக்கிற டிவி. நான் கேட்டதும் அத்தை, "பாரு, பழகு. ஆனா ஏரியல் ஒயரைப் புடுங்காத. போன வருசம் ஒருத்தன் புடுங்கினான், ரெண்டு மாசம் படம் தெரியல," என்றார்.

ஏரியலைப் பிடுங்காமல் அந்த ஓட்டையில் என் ஒயரை எப்படிச் சொருகுவது? கெஞ்சி, மாமாவையே பிடுங்க வைத்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், பிள்ளைக்கு ஊசி போடுகிறபோது நிற்கிற மாதிரி. திரையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18

கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஆள் பெயரையும் மூன்று வேளை நிறுவையையும் வாங்கிக் கூட்டிச் சொல்லும்படி எழுதிவிட்டேன். நானே எழுதினேன்! எழுதியதைக் கேசட்டில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மாமா தன் டேப் ரிக்கார்டரைக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் எட்டாவது பெயர் தட்டும்போது நின்றுவிட்டது. இடம் இல்லையாம். அம்மா வேலை செய்கிற ஒரு கும்பலிலேயே முப்பது பேருக்கு மேல். எட்டுப் பேரை வைத்து என்ன தோட்டம் நடத்துவது?

செப்டம்பர் 2

மெமரி டப்பா வந்து சேர்ந்தது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற லோரியில் மாமா சொல்லி அனுப்பியிருந்தார். டிரைவர் அதைக் கோஸ் கூடைக்குள் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார். ஏற்றி வந்த கூலி வேண்டாம், தன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார். அவன் வரட்டும், பெருக்கல் வாய்ப்பாடு தலைகீழாக வர வைக்கிறேன்.

சொருகினேன். கும்பல் மொத்தமும் உள்ளே போனது.

செப்டம்பர் 5

டப்பா ஆடுகிறது. ஒரு எழுத்தை அழுத்தித் தட்டினால் போதும், எல்லாம் அழிந்து வெறும் திரை. இன்றைக்கு ஐந்து தடவை. ஐந்தாவது தடவை பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடலாமா என்று இருந்தது. மாமா சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கக் கட்டினார். "நீயும் பூ பறிக்கிற மாதிரி தட்டு. ஆட்டுக்கல்லா அது?"

செப்டம்பர் 15

இன்றைக்கு நடந்ததை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். ஏரியலைப் பிடுங்கும்போதெல்லாம் பாஞ்சாலை அத்தை படுகிற பாட்டைப் பார்த்து மாமாவுக்கே பொறுக்கவில்லை. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, என் பெட்டியிலிருந்து வரும் ஒயரின் நுனியில் ஈயத்தால் பற்ற வைத்து, டிவி பக்கத்தில் நிறுத்தினார். டிவியைத் தொடவே இல்லை. காலியான ஸ்டேஷனுக்குத் திருகினார் — கொஞ்சம் பனி பெய்கிற மாதிரி, ஆனால் என் எழுத்து!

"ஒயர் இல்லாமயா?" என்றேன்.

"வயர்லெஸ்லா," என்றார் மாமா. அதற்கப்புறம் அரைமணி நேரம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 16

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கு அடுத்த வீட்டு வேலாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏய் பவளம், எங்க வீட்டு டிவில என் பேரு வருது! காலையில பத்து கிலோன்னு போட்டிருக்க. நேத்து நான் என்னா தூங்கிட்டா இருந்தேன்?"

சும்மா பழகுவதற்குப் போட்ட எண் என்றேன். நம்பவில்லை. இருபது என்று மாற்றிய பிறகுதான் போனாள். போய், அவள் வீட்டில் சரியாக வந்துவிட்டது என்று பலகைச் சுவரைத் தாண்டிக் கத்திச் சொன்னாள்.

அக்டோபர் 12

டிவியில் தமிழ்ப் படம் போடுகிற நாள். நான் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அத்தை சுவரைத் தட்டினார். "வந்து பழகு. படத்துல கடைசியில ரெண்டு பேரும் சேந்துருவாங்க, எனக்குத் தெரியும்." படம் பார்க்க வந்த லயத்து ஆட்கள் முணுமுணுக்காமல் எழுந்து போனார்கள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்திருக்கிறேன்?

அக்டோபர் 22, ஆயுத பூஜை

அம்மாவின் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கூடை, என் தையல் மெஷின், மாமாவின் ஸ்பேனர்கள், நடுவில் கம்ப்யூட்டர். நாளைக் காலை வரை தொடக் கூடாது. சோதனை திங்கட்கிழமை. ஒரு நாள் போகிறதே என்று முனகினேன். "அதுக்கும் ஒரு நாள் ஓய்வு இருக்கட்டும்," என்றாள் அம்மா.

அக்டோபர் 23

போச்சு. எல்லாம் போச்சு.

திரை முழுக்கக் கண்டபடி கட்டங்கள். ட்யூபை அவிழ்த்து டப்பாவை உருவிப் பார்த்தால் — உள்ளே சந்தனம். சொருகுகிற இடத்தில் வரிசையாக ஒரு கம்பி விடாமல் சந்தனம், மேலே குங்குமம்.

"பல்லு பல்லா இருந்துச்சு. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்கலன்னா எப்படின்னு..." என்றாள் அம்மா.

கத்திட்டேன். என்னா கத்து. ஒனக்கு யாரு அதக் கழட்டச் சொன்னா, வீடு போகப் போகுது, ஒன்னாலதான் போகப் போகுதுன்னு. அம்மா கையில இருந்த சந்தனக் கிண்ணத்த எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நின்னுச்சு.

தோடு வாங்க வைத்திருந்த காசு. அதற்குத்தான் சந்தனம் வைத்தாள். அது அவளுடைய தோடு.

அக்டோபர் 24

மாமா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் ஸ்பிரிட் வாங்கி வந்தார். பஞ்சை ஈர்க்குச்சியில் சுற்றி ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். காய்ந்த இடத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார். நான் டார்ச் பிடித்தேன். அம்மா வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

கறுப்புக் கட்டம் வந்தது. கேசட் ஓடியது. கும்பல் மொத்தமும் வந்தது.

"வந்துருச்சும்மா," என்றேன். "நான் எதையும் தொடல," என்றாள். காளியாத்தா, நன்றி. ஸ்பிரிட் கொடுத்த டிரெசருக்கும் நன்றி.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் அம்மா முன்னால் போய் நின்றேன். "எனக்குத் திருநீறு வை. பெட்டிக்குத்தான் வேணாம்." வைத்தாள். நிறையவே வைத்தாள். மூக்கெல்லாம் விழுந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பெரியது, திரையும் அதிலேயே இருக்கிறது. அதில் கணக்குப் போடும் முறை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்து நிறுவையை ஏற்றிக் கூட்ட வேண்டும். தானா ராத்தாவிலிருந்து ஒரு பையன், ஈப்போவிலிருந்து ஒரு பெண், நான். துரை என் பின்னால் வந்து நின்று, ஏன் இவ்வளவு மெதுவாகத் தொடுகிறாய், உடைந்து போகாது என்றார். சின்னையா கிராணி இருமிக்கொண்டே வெளியே பார்த்தார்.

முதலில் முடித்தது ஈப்போப் பெண். தப்பில்லாமல் முடித்தது யார் என்று தெரியவில்லை.

நவம்பர் 8

தெரிந்துவிட்டது. ஜனவரி முதல் தேதியிலிருந்து எனக்கு வேலை. சின்னையா கிராணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, தேத்தண்ணி கலக்கித் தருகிறேன் என்றதற்கும் நிற்காமல் போனார். கண் கலங்கியிருந்தது என்று அம்மா சொல்கிறாள்.

நவம்பர் 12

தீபாவளி. முறுக்கு சுட்டோம். மாமாவுக்கு ஒரு டின், பாஞ்சாலை அத்தைக்கு ஒரு டின், லோரிக்காரருக்கு ஒரு டின், டிரெசருக்கு ஒரு டின். அம்மா காதில் தோட்டுக்குப் பதில் பழைய வேப்பங்குச்சிதான். பொறு, முதல் சம்பளம் வரட்டும்.

1986 ஜனவரி 11, சனி

ஆபீசில் இந்த வாரம் புது வருஷப் பெயர்ப் பட்டியல். ரிட்டையர் ஆனவர்களை எடுத்துவிடச் சொன்னார்கள். வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தேன். காளியம்மா என்று அம்மா பெயர் வந்ததும் கை நின்றது. இத்தனை வருஷம் மழையில் நின்ற பெயர். ஒரு பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது. வீட்டு நம்பருக்கு நேராக என் பெயரைத் தட்டினேன். வீடு எங்களிடமே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியையும் குடைக்கம்பியையும் தூக்கிக்கொண்டு பாஞ்சாலை அத்தை வீட்டுக்குப் போனேன். பழகினபோது பதிந்த அந்தக் கேசட்டைப் போட்டேன். ஆபீசில் அம்மா பெயரை எடுத்தது அத்தைக்குத் தெரியாது. திரையில் பெயர்கள் வந்ததும், எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே பெருமையில், சுவரைத் தட்டினார்.

"காளியம்மா, ஒம் பேரு வந்திருக்கு. வந்து பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. "இதுல எது நானு?" என்றாள். மேலிருந்து மூன்றாவது என்று காட்டினேன்.

கையை நீட்டினாள். பாதியிலேயே நிறுத்தி, புடவையில் இரண்டு பக்கமும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தொடலாமா?"

"தொடும்மா," என்றேன்.