பாலத்தை இடித்த தம்பிக்கு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
11 நவம்பர் 2007

அன்புள்ள தம்பி ஜெராட்டுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இங்கு நாங்கள் சுகம். நேற்று முதல் பனி கொட்டியது. பஸ்ஸுக்குக் காத்து நின்றதில் எனக்குத் தடிமன் பிடித்திருக்கிறது.

லொறியால் பாலத்தை இடித்துவிட்டு நீ தொலைபேசியில் அழுதபோது, "ஒருத்தரும் காணேல்லை எண்டால் பேசாமல் இரு" என்று சொன்னவள் நான்தான். உன் விசா முடிவு வரவேண்டிய நேரத்தில் பொலிஸ் என்றதும், உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துவிட்டேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

ஜெசிக்கா அந்தப் பாலம் இருக்கிற ஊரின் பத்திரிகையைக் கொம்பியூட்டரில் எடுத்து வாசித்துக் காட்டினாள். வழிகாட்டும் கருவியை நம்பி நீ லொறியைத் திருப்பிய கற்பாலம் நானூறு வருடப் பழமையானதாம். குதிரை வண்டிகளுக்காகக் கட்டியது. அதன் பக்கச் சுவர் இருபது அடி நீளத்துக்கு ஆற்றுக்குள் கிடக்கிறது. கல்லைத் திரும்ப அடுக்கலாம். ஆனால், பழி பக்கத்துப் பண்ணைக்காரக் கிழவர்மேல் விழுந்திருக்கிறது. அவருடைய உழவு இயந்திரம்தான் இடித்தது என்கிறார்களாம். அவர் இல்லையென்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லையாம்.

"மாமா ஏன் இறங்கிச் சொல்லேல்லை?" என்று ஜெசிக்கா கேட்டாள். பன்னிரண்டு வயது மகள் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டு, இந்தக் கிழமையே பொலிசுக்குப் போ. முதலில் அந்தக் கிழவரிடம் போ. என்ன வந்தாலும் நான் உன் பக்கம்.

உன் அக்கா
அஞ்சலீனா


2 டிசம்பர் 2007

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கதவைத் திறந்த கிழவர் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, "முதல்ல தேத்தண்ணியைக் குடி, பேந்து போவம்" என்கிற மாதிரிச் சொல்லி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு உன்னோடு பொலிசுக்கு வந்ததை வாசித்தபோது கண்ணீரில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

ஊரார் உன்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கதைக்காவிட்டால் பரவாயில்லை. ஞாயிறுகளில் அவர்களோடு ஆற்றிலிருந்து கல் எடுக்கப் போவதை மட்டும் விட்டுவிடாதே. லைசென்ஸ் போனால் வேறு வேலை பார்ப்போம். ஜனவரியில் வழக்கு நாளன்று நான் அங்கே நிற்பேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

விசாவைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தண்ணீர் குளிரும். நீண்ட நேரம் நிற்காதே. மாதா உன்னை எங்கும் அனுப்பாமல் தன் கைக்குள்ளே வைத்திருக்கட்டும்.

அக்கா