பழையது நகரட்டும்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நீ விழுங்குகிறாயா, அலமாரி விழுங்குகிறதா?

இந்தக் கம்ப்யூட்டர் சாமான் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பச் சொல்லி உன் அண்ணன் மறுபடியும் போன் செய்தார். அவரிடம் இதைச் சொல். நேற்று ஓர் அலுவலகத்தில், நான் விற்ற கார்டை சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் பொருத்தியதும், தகவலைப் பதிந்து வைக்கும் அவர்களுடைய பழைய டேப் எந்திரம் படுத்துவிட்டது. ஒரு கருவியை ஓட்டுகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; ஒவ்வொரு டிரைவருக்கும் சர்வரில் ஓர் எண் உண்டு. இங்கே இரண்டு டிரைவரும் ஒரே எண்ணுக்கு மல்லுக்கு நின்றன.

“புதுசா வந்தது உங்களோடதுதானே? கழட்டி எடுத்துட்டுப் போங்கண்ணே” என்றார் இன்ஜினியர்.

எடுத்திருந்தால் இந்தத் தெருவில் என் சரக்கை யாரும் தொட மாட்டார்கள்.

“தம்பி, அந்த நம்பர் பொதுப் பட்டியல்லயே என் கார்டு பேர்ல பதிவானது. உங்க பழசுதான் அதுல வந்து உக்காந்திருக்கு. அதை நகத்துங்க.”

“அது ரொம்ப வருஷமா இருக்குண்ணே!”

“இருந்தா சொந்தமாயிடுமா?”

சிரித்துவிட்டார். பழைய டிரைவருக்குக் காலியான வேறு எண்ணைக் கொடுத்தார். இரண்டும் ஓடின. நான் தோற்றுத் திரும்புகிற ஆள் இல்லை.

என் நீலச் சட்டைக்கு இரண்டு பொத்தான் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீ அனுப்பு.

கடைக்கு ஆள் வந்துவிட்டார். ஒன்று சொல்லி முடிக்கிறேன். கட்டிலில் என் பக்கம் துணிமூட்டையை வைத்திருக்கிறாயாம், சின்னவள் சொன்னாள். அதை நகர்த்து. எத்தனை நாள் கிடந்தாலும் அந்த இடம் என்னுடையதுதான்.

உன் பிடிவாதக்காரன்