பெல்ட்டுதான் சார், போங்க

அக்கா,

இன்று காலை ஸ்டோர் ரூமைக் காலி பண்ணச் சொன்னார்கள். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் நம் கேட்டின் பழைய மெட்டல் டிடெக்டர் கிடந்தது. கைப்பிடியில் பச்சை ரப்பர்பேண்ட். பின்பக்க கேட்டில் நிற்பவர்கள் நம்முடையதைத் தூக்கிப்போகிறார்கள் என்று அடையாளத்துக்கு உங்கள் தலையிலிருந்து கழற்றி நீங்கள் மாட்டியது. அதன்மேல் ‘ரிப்பேர்’ என்று ஒரு சீட்டு. என் கையெழுத்து. யாரும் பார்ப்பதற்குள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என்னைவிட மூன்று வயது சின்னவர் நீங்கள். ஆனாலும் தொம்மலூர் ஆபீசில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே “அக்கா” என்று கூப்பிட்டேன். “மீசை நரைச்சவரு என்னைய அக்காங்கறாரு பாருங்க” என்று லிஃப்ட்காரரிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அதற்குப் பழிவாங்க “அண்ணா” என்று ஆரம்பித்தீர்கள். ஆறு வருஷம் அக்காவும் அண்ணாவுமாகவே ஒரே கேட்டில் நின்றோம். நான் வருகிறவர்களை மெஷினால் தடவுவேன். நீங்கள் மேஜையில் விசிட்டர் நோட்டு எழுத வைப்பீர்கள்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடுப்பில் மெஷின் கத்தினால், வந்தவர் வாயைத் திறக்குமுன் நானே “பெல்ட்டுதான் சார், போங்க” என்பேன். ஒன்பதரைக்கு வரிசை ரோடு வரை நிற்கும். ஒவ்வொருவரையும் சட்டையைத் தூக்கச் சொன்னால் மேலேயிருந்து போன் வரும். நமக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொன்னார்: துப்பாக்கி மறைத்திருப்பவன் அந்தப் பக்கத்துக் கையை வீசி நடக்க மாட்டான், அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான், துணி ஒரு பக்கம் பாரமாகத் தொங்கும். சந்தேகம் வந்தால் பிடிக்கப் போகாதீர்கள், ஆட்களை நகர்த்துங்கள், போலீசைக் கூப்பிடுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். “நம்ம கேட்டுக்கு டிபன் பாக்ஸ்தாங்க்கா வரும்” என்று நான் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துப்பாக்கியும் வந்தது. கொண்டுவந்தவர் மூன்று வருஷம் தினமும் எனக்கு குட் மார்னிங் சொன்ன மனிதர், என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தவர். அவரை வேலையிலிருந்து எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் வெயிலில் ஜெர்கின். வலது இடுப்பில் மெஷின் நீளமாகக் கத்தியது. “பெல்ட்டுதான் சார், போங்க” என்றேன். சல்யூட் வேறு அடித்தேன், பாவி.

உங்கள் மேஜையில் குனிந்து, இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு லிஃப்டுக்குள் போனார். நீங்கள் எழுந்து என் பக்கத்தில் வந்தீர்கள். குரலை உயர்த்தவில்லை.

“அண்ணா, மெஷின் அடிச்சுதா?”

“அடிச்சுது. பெல்ட்டு.”

“குனியறப்ப ஜெர்கின் மேல ஏறிச்சு. அவரு பெல்ட்டே போடலண்ணா.”

நீங்கள் இன்டர்காமில் இரண்டு முறை, அவர் வேலை பார்த்த இரண்டாவது மாடியைக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். எடுப்பார் இல்லை. “போலீசுக்குப் போன் போடுங்க. யாரையும் உள்ள விடாதீங்க. நான் படியில போய் மேல இருக்கறவங்கள எறக்கிடறேன்.” அவ்வளவுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

மேலே போய் “டிரில்லு, டிரில்லு, பின்படியில எறங்குங்க” என்று சொல்லியிருக்கிறீர்கள். டிரில் என்றதால் யாரும் அலறவில்லை. காபி கப்போடு பேசிக்கொண்டே இறங்கினார்கள். அந்த மனிதர் அதுவரை மேனேஜர் ரூமில் காத்திருந்தாராம். எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்த நீங்கள் நின்றீர்களாம். ஒரே ஒரு சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

“மெஷின் அடித்ததா?” என்று போலீஸ்காரர்கள் என்னைக் கேட்டார்கள். வேலை போய்விடும், மகளின் காலேஜ் நின்றுவிடும் என்று அந்த நொடியில் தோன்றியது. “அடிக்கல சார், ரிப்பேர்” என்றேன். சீட்டையும் நானே எழுதி ஒட்டினேன். அடுகோடியில் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தபோது, உங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு “அந்தப் பாழாப்போன மெஷின் ஒழுங்கா இருந்திருந்தா அவ இருந்திருப்பா. நீங்க என்னண்ணா பண்ணுவீங்க” என்று அழுதார். அழுதுகொண்டே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நானும் குடித்தேன், அக்கா. எப்படிக் குடித்தேனோ.

இரண்டு வருஷமாக ஒருவரையும் விடுவதில்லை. ஜெர்கினைத் தூக்கச் சொல்கிறேன், திரும்பச் சொல்கிறேன். “ஸ்வல்ப நில்லி சார்”, கொஞ்சம் நில்லுங்க சார், என்று உங்களைப் போலவே கன்னடத்தில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குச் சிரித்துக்கொண்டே நின்றவர்கள் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

சாயங்காலம் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு என் பெல்ட் அருகே கொண்டுபோனேன். வீடே அதிரக் கத்தியது. மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். “அன்னிக்கி ரிப்பேர்னு சொன்னீங்களே, அந்த மெஷினா?”

“ரிப்பேர் இல்ல. அன்னிக்கும் அடிச்சுது.”

அவள் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ‘அடிச்சுது’ என்று உங்களைத் தவிர வேறொருவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்துக்கொண்டு அடுகோடிக்குப் போகிறேன். உங்கள் வீட்டுக்காரர் முன்னால் என் இடுப்பில் வைத்து அடிக்க வைக்கப்போகிறேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு டீ போட மாட்டார்.