ஆர்கனுக்கு எழுதிவைத்த பணம்

மினசோட்டா
பிப்ரவரி 11

அன்புள்ள கிர்ஸ்டன்,

இங்கு நானும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் நலம், இருவருக்கும் மூச்சு வாங்குவதில் கொஞ்சம் சத்தம் அதிகம், அவ்வளவுதான். அலாஸ்காவில் நீயும் அப்படி எந்தச் சத்தமும் இல்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நாம் இருவரும் பனியின் உயரத்தைத் தவிர வேறெதுவும் பேசிப் பழகவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று ஆகிவிட்டதால், பள்ளியில் வரலாறு நடத்திச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் எடுத்தே தீரவேண்டும் என்பது சட்டம். அதற்காகப் போன வாரம் அந்தச் சேமிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாக, உங்களுக்கு அப்புறம் இந்தப் பணம் யாருக்குன்னு ஒருதடவை பாத்துடலாமா சார் என்று கணினியை என் பக்கம் திருப்பினாள். கல்யாணமானபோது உன் அம்மா பெயரை எழுதினேன், நீ பிறந்தபோது அம்மாவுக்கு அடுத்து உன் பெயரை எழுதினேன். திரையில் இரண்டும் இல்லை. நம் தேவாலயத்துப் பைப் ஆர்கன் என்ற பழைய இசைக்கருவியைப் பழுது பார்க்கும் நிதிக்கு, நூற்றுக்கு நூறு. கீழே என் கையெழுத்து, அம்மாவை அடக்கம் செய்த பத்தாம் நாள் தேதியில்.

அந்தப் பத்து நாளில் நடந்தது உனக்கும் நினைவிருக்கும். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா முடியாம கெடந்த மூணு வாரமும் நீங்க ஏரியில மீன்தானேப்பா பிடிச்சுட்டிருந்தீங்க என்று கேட்டாய். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் உனக்குப் பதில் சொல்லவில்லை, வாகனத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு படிவத்தில் பதில் சொன்னேன். நீ கேட்டது உண்மை என்பதுதான் எனக்குக் கோபம். உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு, அதன்மேல் நிறுத்திய மீன்பிடிக் குடிலுக்குள் உட்கார்ந்திருந்தால் யாரும் வலியில் முனகுவது கேட்காது. மீனும் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

பிறகு கோபம் போய்விட்டது, படிவம் போகவில்லை. அதைவிடக் கேவலம், ஆர்கனுக்கு எழுதிவைத்தவர்களுக்கென்று தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் வருடந்தோறும் அக்டோபரில் ஒரு மதிய விருந்து உண்டு. பதினொரு விருந்து சாப்பிட்டிருக்கிறேன். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு, பச்சை ஜெல்லி, சட்டையில் பெயர் அட்டை. பரிமாறும் ஆர்டிஸ் ஒவ்வொரு வருடமும் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்த வருஷமும் கல்லு மாதிரி இருக்கீங்களே சோர்பி என்பாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கிறிஸ்துமஸாக உன் வாழ்த்து அட்டையில் உன் கணவர் பீட்டரின் பெயர் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக வக்கீலிடம் போய் எல்லாம் என் மகளுக்கே என்று உயில் எழுதிவிட்டு, பெருந்தன்மையான மனிதனைப் போல வீட்டுக்கு வந்து தூங்கினேன். உயில்ல என்ன இருந்தாலும் இந்தப் பணம் படிவத்துல இருக்கறவங்களுக்குத்தான் சார் போகும் என்றாள் அந்த அலுவலகப் பெண். வீடு அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அடமானத்தில் இருக்கிறது. ஆக, போன வாரம் நான் இறந்திருந்தால் உனக்கு முழுதாக வந்து சேர்ந்திருக்கக்கூடிய சொத்து ஒன்றே ஒன்று, அந்த மீன்பிடிக் குடில். நீ அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பாய் என்று யோசித்து, அந்தப் பெண்ணிடம் புதிய படிவம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸிடம் படிவத்தை மாற்றப்போகிறேன் என்று சொல்லி, சாப்பிட்ட விருந்துகளுக்கு ஒரு காசோலையும் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது கரண்டி போட்டேனே, ஆர்கனுக்காகன்னா நெனச்சீங்க, வீட்ல தனியா டப்பா சூப்பு குடிக்கிற மனுஷன்னு போட்டேன், மடையரே என்றாள். பிறகு, ஆனா ஆர்கனுக்கு எழுதிவச்சவங்கன்னு சுவத்துல மாட்டியிருக்கற உங்க பேர்ப் பலகையை நீங்களே கழட்டணும், திருப்புளி அலமாரியில இருக்கு என்றாள். நாற்காலி போட்டு ஏறி, பாடகர் குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். ஒன்று கீழே விழுந்து உருண்டது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய படிவம் இப்போது சமையலறை மேசையில் இருக்கிறது. உன் பிறந்த தேதி எழுதிவிட்டேன். உன் முழுப்பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இன்னும் பீட்டரின் குடும்பப் பெயரைத்தான் வைத்திருக்கிறாயா, நம் பெயருக்குத் திரும்பிவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அரசாங்கம் உனக்குத் தந்த சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்கிறார்கள், மனமிருந்தால் அனுப்பு. அனுப்பாவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுது.

நீயும் உன் சேமிப்புப் படிவத்தை எடுத்துப் பார், அதில் இன்னும் பீட்டர் உட்கார்ந்திருக்கலாம். குளிரில் வண்டியின் எஞ்சின் உறைந்துவிடாமல் அதன் சூடேற்றியை ராத்திரி மறக்காமல் மின்சாரத்தில் செருகிவை. உனக்கு நல்ல உறக்கமும், வாசலில் பனி அள்ள ஒரு துணையும், என்னைவிட வேகமாக மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனிதர்களும் வாய்க்கட்டும்.

உறவுமுறை என்ற கட்டத்தில் மகள் என்று எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. தவறென்றால் சொல்.

உன் அப்பா,
ஹார்லன் சோர்பி