ஆறரை லட்சம் சொல்ல வைத்தவள்

நெய்வேலி, பிளாக் 21,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

ஷைனி எழுதுவது. ஆண்டவர் அருளால் மாமாவும் குழந்தையும் நானும் சுகம். சென்னையில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் சொல்ல வந்ததைப் போனில் ஆரம்பித்தால், விடு ஷைனி என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். முழுசாகப் படியுங்கள்.

மாமா ரிட்டயர் ஆன பிறகு குவார்ட்டர்ஸில் இருக்கக் கொடுத்த அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மாமா உங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறார். நானும் ஜெனிஷாவும் மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு. பீரோவை விற்றுவிட்டோம். நாம் ஏன் அப்பாவிடம் போகவில்லை என்று குழந்தை கேட்கிறாள். அங்கே வாடகை அதிகம் என்றேன். வேறென்ன சொல்வது?

நேற்று மெயின் பஜாரில் அன்புக்கரசியைப் பார்த்தேன், உங்கள் ஆபீஸ் இளம்பரிதியின் மனைவி. நீங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு வருஷத்துக்குப் பதினொன்றரை லட்சமாம். உங்களுக்கு ஆறரை. உங்கள் இடத்துக்கும் பன்னிரண்டு வரை ஒதுக்கி வைத்திருந்தார்களாம். சேர்ந்த வாரமே உங்களுக்குத் தெரியுமாம். ஷைனி காதுக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினீர்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காய்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

நேற்றிலிருந்து அந்த ஆன்லைன் இன்டர்வியூதான் கண்ணில் நிற்கிறது. மாமா ரிட்டயர் ஆக அப்போது மூன்று மாதம். பன்னிரண்டு என்று சொல்வதாகத்தான் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பழகினீர்கள். நான் லேப்டாப்புக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கம் நின்றிருந்தேன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று அந்த எச்.ஆர். மேடம் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. முன்பு இரண்டு கம்பெனிகள் தொகையைக் கேட்ட பிறகு திரும்பக் கூப்பிடவே இல்லையே! இரண்டு கையையும் கூப்பி, குறைத்துச் சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஆறரை என்றீர்கள். அந்த மேடம் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். நான் ஒரு மண்டு, ஜெயித்துவிட்டோம் என்று அல்வா வாங்கி அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தேன்.

எங்கள் அப்பா பதினெட்டு வருஷம் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பயந்து பயந்தே இருந்தவர். சம்பளம் என்றால் அவர்கள் போடுவது, நாம் வாங்குவது. உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரையும் ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பயத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டேன். இத்தனை நாளும் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் இருந்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. கோபமாகக்கூட வருகிறது. மனுஷன் ஒரு தடவையாவது திட்டியிருக்கலாமே!

வியாழக்கிழமை வேறு கம்பெனியில் இன்டர்வியூ என்றீர்கள். இப்போது என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வேலைக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று இளம்பரிதியிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். கிடைக்காமல் போனாலும் போகட்டும். அம்மா வீட்டில் நான் சமாளித்துக்கொள்வேன்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். என்னை மன்னித்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போது ஒற்றை ஆளுக்கான சம்பளத்தைச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள்
ஷைனி