அட்டைப்பெட்டிக்காரருக்கு எதற்கு ரெக்டிஃபையர்?

அண்ணா,

நேற்று சங்கத்துச் சுவரிலிருந்து உங்கள் கரும்பலகையைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் பெரிய டிவி வரப்போகிறது. ஆணியைப் பிடுங்கிய வேகத்தில் சாக்பீஸ் தூள் கொட்டி, ஹால் முழுக்க அந்த வாசனை. எனக்குத் தும்மல் வந்தது. தும்மலோடு உங்கள் நினைவும் வந்துவிட்டது. பலகையின் கடைசி வரி உங்கள் கையெழுத்துதான், மாடிப்படி ஏறுவதுபோல வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகிற எழுத்து: 'ஏணி ஒன்று, ஒரு நாளைக்கு.' நீங்கள் போன பிறகு அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. கழற்ற வந்தவர் ஏணி மேல் நின்றுதான் கழற்றினார். கேட்டது ஒருவழியாக வந்து சேர்ந்ததே என்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் அப்பா நடத்திய முலாம் பட்டறை என் கைக்கு வந்த புதிதில், நம் வட்டாரத் தொழில் வணிகச் சங்கத்தை நான் 'சமோசா சங்கம்' என்றுதான் சொல்வேன். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு கடிதம், காலை ரயில் தாமதமாக வருவதால் ஷிப்டு ஆட்கள் தவிக்கிறார்கள் என்று இன்னொரு கடிதம். பிறகு சமோசா. செயலாளரான நீங்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டீர்கள். அட்டைப்பெட்டி செய்கிற மனிதருக்கு இவ்வளவு பேச எங்கிருந்து விஷயம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் காதுபடவே ஒருமுறை சமோசா சங்கம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தட்டை என் பக்கம் தள்ளி, "அப்ப சந்தா கட்டனவங்க நீங்களும் துன்னுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது நம் சண்டை. அது நட்பாக எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பலகை நீங்கள் கொண்டுவந்த ஏற்பாடு. பட்டறையில் எது இல்லையோ அதை, பெயரோடு எழுதவேண்டும். மூன்று எச்.பி. மோட்டார், இரண்டு நாளைக்கு. வெல்டர் ஒருவர், ஒரு மதியத்துக்கு. யாரிடம் இருக்கிறதோ அவர் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பொருளை அனுப்பிவிடுவார். கொடுத்தவர் பெயர் எழுதக்கூடாது. ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. பள்ளிப்பட்டுக்காரரான உங்கள் வாக்கு ஒன்று உண்டே: "'கீது'ன்றவன் விருந்தாளி. 'இல்ல'ன்னு எழுதறவன்தாம்மா மெம்பரு."

நான் ஒரு வருடம் வரை அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. எங்கள் தொழிற்பேட்டையில் முலாம் போடுகிறவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் அந்தப் பலகையைப் பார்க்கிறவர்கள். பட்டறையை ஒரு பெண் நடத்துகிறாள் என்பதே பலருக்கு வேடிக்கை. அவள் தொட்டி நின்றுவிட்டது என்று தெரிந்தால் கேட்கவா வேண்டும்?

நின்றுதான் போனது. தொட்டிக்கு மின்சாரம் தருகிற ரெக்டிஃபையர் ஒரு வியாழக்கிழமை காலை புகைந்து அடங்கியது. அது இல்லாமல் போல்ட்டில் துத்தநாகம் ஒட்டாது. பழுது பார்க்கப் பத்து நாள் என்றார்கள். வண்டி பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு முதல் லோடு திங்கட்கிழமை போயாகவேண்டும். அலைந்து திரிந்து வாங்கிய ஆர்டர். தவறினால் அது மற்ற இருவரில் ஒருவருக்குப் போய்விடும், அப்புறம் என் வாசலுக்குத் திரும்பாது. அதை நம்பிப் புதிதாக எட்டுப் பேரை வேலைக்கு வேறு எடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு வந்தேன். ஹாலில் யாரும் இல்லை. சாக்பீஸை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். என் பெயரை எழுதக் கை வரவில்லை. திரும்பினால் கதவருகே நீங்கள்.

"நாஷ்டா ஆச்சாம்மா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு எல்லாப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு என் விரல்களைப் பார்த்தீர்கள். "கைல சாக்பீஸ் தூள் கீது, போர்டுல ஒண்ணியும் காணோமே. இன்னா பேஜாரு?"

சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா" என்று கெஞ்சினேன். நான் அதுவரை யாரிடமும் கெஞ்சியவள் இல்லை.

"உன் பேரு என் வாயில வராது. நீ ஊட்டுக்குப் போ" என்றீர்கள்.

மறுநாள் காலை உங்கள் அட்டைப்பெட்டி டெம்போ என் வாசலில் வந்து நின்றது. பெட்டிகளுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்தி ஒரு ரெக்டிஃபையர். பின்பக்கம் பச்சை பெயிண்டில் ஒரு கோடு. ஞாயிறும் வேலை செய்தோம். திங்கட்கிழமை லோடு போனது. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் பலகையைப் பார்த்தேன். உங்கள் எழுத்து, உங்கள் பெயர், 'ரெக்டிஃபையர் ஒன்று, பத்து நாளைக்கு', அதன் மேல் யாரோ போட்ட கோடு. உங்களைப் பார்த்தேன். நீங்கள் மும்முரமாகச் சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஆர்டர்தான் இன்றுவரை என் பட்டறைக்குச் சோறு போடுகிறது. எப்படி ஊரையே ஏமாற்றினோம் பார் என்று எத்தனையோ தடவை எனக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறேன். நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றே உங்கள் இரங்கல் கூட்டம் வரை நம்பியிருந்தேன்.

அன்று உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முலாம் போடுகிற மற்ற இருவரில் ஒருவரான தேவராஜ், கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் உங்கள் பலகையைக் காட்டி, "அந்த ரெக்டிஃபையர் நல்லா ஓடுச்சா மேடம்?" என்றார். எந்த ரெக்டிஃபையர் என்று கேட்டேன்.

"அட்டப்பொட்டி போடறவருக்கு எதுக்கு ரெக்டிஃபையரு? பேட்டைல அது வேணும்ன்றவங்க மூணே பேரு. என்னுது ஓடிக்கினு இருந்துச்சு, இன்னொருத்தரோடதும் ஓடிக்கினு இருந்துச்சு. மீதி யாருன்னு கணக்குப் போட முடியாதா? அன்னிக்கு போர்டப் பாத்த அத்தினி பேருக்கும் தெரியும். கேக்கறது வழக்கமில்ல, அதான் கேக்கல."

"அனுப்பினது?"

"எங்ககிட்ட சும்மா கெடந்த இன்னொண்ணு. அது பின்னால பச்சக் கோடு போட்டது எங்க ஃபோர்மேன்தான்."

அந்த நிமிடம் உங்கள் மேல்தான் கோபம் வந்தது, அண்ணா. இதை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? பிறகு அவரிடம் கேட்டேன், அந்த ஆர்டரைப் பிடிக்க நீங்களே கம்பெனி வாசலுக்கு நேராகப் போயிருக்கலாமே என்று.

"போயிருக்கலாம்" என்றார் தேவராஜ். "அப்பால என் தொட்டி நின்னா நான் எந்த போர்டுல எழுதுவேன்?"

எழுந்துபோய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதேன். துக்கம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். துக்கமும்தான். ஆனால் ஒரு ஹால் நிறைய ஆண்கள், என்னைத் தோற்கவைக்கக் காத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள், இத்தனை வருடம் எனக்காக ஒன்றும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது செயலாளர் நான். சிரிக்காதீர்கள். மைக்கை நானும் சீக்கிரம் விடுவதில்லையாம். பலகையின் வேலையை வாட்ஸாப் குரூப் பார்க்கிறது. வேகமாகத்தான் பார்க்கிறது, குறை சொல்ல மாட்டேன். பலகையை என் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் ஏணி வரியை மட்டும் துடைக்கவில்லை.

இன்று காலை திருப்பாச்சூர் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புது உறுப்பினர், சிறுதானிய மாவு அரைத்துப் பையில் போட்டு விற்கிறாள். பை ஒட்டுகிற மெஷின் நின்றுவிட்டது, நாளைக்குள் ஒரு கடைக்குச் சரக்கு போகவேண்டும். குரூப்பில் போடு என்றேன். "போன மாசந்தான் ஆரம்பிச்சேன், அதுக்குள்ள படுத்துடுச்சுன்னு பேசுவாங்கக்கா" என்றாள்.

நீ ஊட்டுக்குப் போ என்று அவளிடம் சொன்னேன். குரூப்பைத் திறந்து என் பெயரில் எழுதினேன்: 'பை ஒட்டும் மெஷின் ஒன்று, இரண்டு நாளைக்கு வேண்டும்.'

டீ ஆறுவதற்குள் தேவராஜிடமிருந்து பதில் வந்தது: 'எத்தனை இஞ்ச் பை, மேடம்?'

போல்ட்டுக்கு முலாம் போடுகிறவளுக்குப் பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அண்ணா.