வெட்டிய சடைமுடி

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும். நீங்கள் இருவரும் நலந்தானே? நம் டியெங் மலையில் உருளைக்கிழங்குச் செடிகள் பனியில் கருகவில்லையே?

விடுதிக் குளியலறையில் என் சடைமுடியைப் பார்த்த அறைத்தோழி நூருல், "ஏண்டி தார்மினி, தலையில ஆட்டுவால் முளைச்சிருக்கு?" என்று சிரித்தாள். அவமானம் தாங்காமல், ஊரில் சடை இறக்கும் சடங்குக்குக் காத்திராமல் நானே வெட்டிவிட்டேன். சடை இறக்கும் பிள்ளை கேட்டதைச் சடங்கன்று தந்தாக வேண்டுமே, அப்படி நான் கேட்ட வெள்ளை ஆட்டை அப்பா இன்னும் வளர்க்கிறாரே! நினைத்தால் கூசுகிறது.

எனக்கு லேசான காய்ச்சல்தான். சடங்கில்லாமல் வெட்டினால் காய்ச்சல் வந்து சடையும் மறுபடி முளைக்குமென்று சொல்வார்களே, அதுவாக இருக்காது. முடியை டப்பாவில் வைத்திருக்கிறேன். வந்து வாங்கி, சடங்கில் செய்வதுபோல் ஏரியில் விடுவாயா? உன் போர்வையையும் கொண்டு வா, துவைக்காமல்.

ஆட்டை விற்க வேண்டாமென்று அப்பாவிடம் சொல். சடை மறுபடி முளைத்தால், இந்த முறை யார் சிரித்தாலும் நான்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்